யாருக்காக நிறுத்தினேனோ, அவர்கள் இல்லாத வீட்டில்

2006 ஆகஸ்டில் குடியை நிறுத்தினேன். அப்போது எனக்கு வயது 49. இப்போது 68. பத்தொன்பது வருஷம் ஆகிறது என்று சொன்னால், கேட்பவர்கள் உடனே, "அப்புறம் என்ன, இனிமே உங்களுக்குப் பயமே இல்லை" என்கிறார்கள். நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் முதல் ஒன்பது வருஷத்தை நான் ஓரளவு சுலபமாகவே கடந்தேன். அதற்குப் பிறகு வந்த பத்து வருஷம்தான் என்னை உலுக்கிப் பார்த்தது. குடியை நிறுத்துவது எப்படி என்று சொல்லப் பலர் இருக்கிறார்கள். நிறுத்தியவனுக்கு வயதாகும்போது என்ன நடக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இரண்டு மூன்று இடங்களில் நான் அவ்வளவு தடுமாறியிருக்க மாட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்குக் கடலூர், மஞ்சக்குப்பம் பக்கம். சிப்காட்டில் ஒரு கம்பெனியில் முப்பது வருஷத்துக்கு மேல் ஃபிட்டர் வேலை. ஏ, பி, சி என்று மூன்று ஷிப்ட். எங்கள் ஊர்க்காரனுக்குக் குடி எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதை வெளியூர்க்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஆல்பேட்டையைத் தாண்டி, பெண்ணையாற்றுப் பாலத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் பஸ்ஸில் போனால் முள்ளோடை. அதோடு தமிழ்நாடு முடிந்து புதுச்சேரி தொடங்கிவிடும். அங்கே வரி குறைவு, விலை குறைவு. இந்தப் பக்கம் இல்லாத சாராயக்கடையும் கள்ளுக்கடையும் அந்தப் பக்கம் லைசென்ஸோடு நடக்கும். ஏ ஷிப்ட் முடிந்து இரண்டு மணிக்கு கேட்டை விட்டு வெளியே வந்தால், மூன்று மணி சுமாருக்குக் கன்னியக்கோயிலில் இருப்பேன். இந்த மூன்று மணி பின்னால் மறுபடி வரும், அதனால் இங்கேயே சொல்லி வைக்கிறேன்.

குவார்ட்டரில் ஆரம்பித்து ஆஃபுக்குப் போனது, அப்புறம் அதற்கும் மேலே. கடைசி இரண்டு வருஷம் காலையில் கை நடுக்கம் நிற்கவே ஒரு கட்டிங், அதாவது பாதி குவார்ட்டர், வேண்டியிருந்தது. ஸ்பேனரைப் பிடிக்கும் கை சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் ஆடும். மனைவி வந்து போட்டுவிடுவாள், ஒன்றும் பேசாமல்.

நிறுத்தியதையும் தப்பாகத்தான் நிறுத்தினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளிடம் வாக்குக் கொடுத்துவிட்டு வீட்டிலேயே படுத்துக்கொண்டேன். அன்று ராத்திரியே நடுக்கம், வியர்வை, வாந்தி. மூன்றாம் நாள் சுவர் முழுக்க எறும்பு ஊர்கிறது என்று சொல்லிப் போர்வையால் தட்டிக்கொண்டே இருந்தேனாம். மச்சான் வண்டி பிடித்துப் புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அங்கே டாக்டர் என் மனைவியிடம் சொன்னதை அவள் பல வருஷம் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். தினமும் குடிப்பவர் திடீரென்று தானாக நிறுத்தக் கூடாது. கடைசியாகக் குடித்த ஆறு, எட்டு மணி நேரத்தில் நடுக்கம் ஆரம்பிக்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டிலிருந்து நாலு நாளுக்குள் புத்தி தடுமாறி, இல்லாதது எல்லாம் கண்ணுக்குத் தெரியும். இதில் உயிரே போகலாம், வயதானவருக்கு ஆபத்து இன்னும் அதிகம். இதைப் படிக்கிற ஒருவர் அறுபது வயதில் நிறுத்த நினைத்தால், வைராக்கியத்தை மட்டும் நம்பி வீட்டில் படுக்க வேண்டாம். முதல் ஒரு வாரம் டாக்டரின் கண்பார்வையில் இருங்கள். உடம்பை மெல்ல இறக்கிவிட மருந்து இருக்கிறது, தயமின் என்கிற வைட்டமின் பி1 ஊசி இருக்கிறது. அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

ஆஸ்பத்திரி வார்டில் இருந்தபோது, நோயாளிகளுக்கு ஆலோசனை சொல்லும் கவுன்சிலர் அம்மா ஒரு தாளைக் கொடுத்து, "எதுக்காக நிறுத்தணும்னு நினைக்கிறீங்க, எழுதுங்க" என்றார். நான் நாலு வரி எழுதினேன். மனைவி. மகள் கல்யாணம். அம்மா. வேலை. அந்தத் தாளை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டேன். கடைப் பக்கம் கால் போகும்போதெல்லாம் பர்ஸைத் தொட்டுப் பார்ப்பேன். அது என்னைக் காப்பாற்றியது, உண்மையாகவே.

2010இல் மகள் கல்யாணம் முடிந்தது. கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டாரை நான் நேராக நின்று வரவேற்றேன், அந்த ஒரு நாளுக்கே நிறுத்தியது தகும். 2012இல் அம்மா போனாள். 2015இல் ரிடையர் ஆனேன். 2018இல் என் மனைவி, கிட்னி கெட்டுப்போய், எட்டு மாதம் டயாலிசிஸில் இருந்து போய்விட்டாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் கிளம்பிய அன்று பர்ஸிலிருந்து அந்தத் தாளை எடுத்தேன். மடிப்பில் கிழிந்து நாலு துண்டாகியிருந்தது. நாலு வரியில் ஒன்றும் மீதம் இல்லை. அப்போது எனக்குள் வந்த குரலை நான் மறக்க மாட்டேன். அது ஆசைகாட்டும் குரல் இல்லை. ரொம்பப் பொறுமையாக, நியாயமாகப் பேசியது. எல்லாக் கடமையும் முடிச்சிட்டே. யாருக்கும் பாக்கி இல்லை. இனிமே ஒரு கட்டிங் போட்டா யாருக்கு என்ன நஷ்டம்? வயதான குடிநோயாளிக்கு வரும் குரல் இதுதான். முப்பது வயதில் கடையின் வெளிச்சம் கூப்பிடும். அறுபதில் காலியான வீடு கூப்பிடுகிறது.

பஸ் ஏறி என் ஸ்பான்ஸரைப் பார்க்கப் போனேன். ஸ்பான்ஸர் என்றால் ஏ.ஏ. கூட்டத்தில் நமக்கு முன்னால் நிறுத்தி, நமக்குக் கைகொடுக்கிறவர். ஏ.ஏ. பற்றித் தெரியாதவர்களுக்கு: ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் 1935இல் அமெரிக்காவில் ஆக்ரன் என்ற ஊரில் இரண்டு குடிநோயாளிகள் உட்கார்ந்து பேசியதில் பிறந்தது. கட்டணம் கிடையாது, முழுப்பெயர் கேட்பது கிடையாது, மதம் கிடையாது. நான் போகும் கூட்டம் புதுச்சேரியில் ஒரு பள்ளிக்கூட அறையில் நடக்கிறது. பத்துப் பதினைந்து பேர், ஒரு டம்ளர் டீ, ஒன்றரை மணி நேரம். என் ஸ்பான்ஸர் முதலியார்பேட்டைக்காரர், பழைய மில் தொழிலாளி, என்னைவிட பன்னிரண்டு வயது மூத்தவர். அவரும் மனைவியை இழந்தவர்தான்.

கிழிந்த தாளைக் காட்டினேன். "அண்ணே, ஒண்ணும் பாக்கி இல்லண்ணே" என்றேன். அவர் அதை வாங்கிப் பார்த்தார். தத்துவம் ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். "சரி தம்பி. நாளைக்கு மத்தியானம் மூணு மணிக்கு என்ன பண்ணப் போறே, அதைச் சொல்லு" என்றார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. அவர் சொன்னார்: "சின்ன வயசுல ராத்திரிதான் நமக்கு எதிரி. வயசானவனுக்கு மத்தியானம். சாப்பிட்டாச்சு, பேப்பர் படிச்சாச்சு, டிவி ஓடிக்கிட்டிருக்கும், தெருவுல நாய்கூட நடமாடாது. அப்பதான் அது வந்து பக்கத்துல உக்காரும்." எனக்கோ அது ஏ ஷிப்ட் முடிந்து கன்னியக்கோயிலில் இறங்கும் நேரம். நிறுத்திப் பன்னிரண்டு வருஷம் கழித்தும் உடம்பு அந்த நேரத்தை மறக்கவில்லை. மூன்று மணிக்குத் தொண்டை வறண்டுவிடும்.

மறுநாளிலிருந்து தினம் மூன்று மணிக்கு அவருக்கு போன். பேச விஷயம் இருக்க வேண்டும் என்று இல்லை. "என்ன சமையல்?", "மழை உண்டா அங்க?", அவ்வளவுதான். 2020 ஊரடங்கில் முள்ளோடையில் தடுப்பு வைத்து எல்லையையே மூடியபோதும், கூட்டம் நின்றுபோனபோதும், அந்த போன் நிற்கவில்லை. அந்த இரண்டு மாதம் நான் தனியாளாக வீட்டுக்குள் குடிக்காமல் இருந்தது அந்த ஐந்து நிமிஷத்தால்தான் என்று சத்தியம் செய்வேன்.

இன்னொன்றும் அவர் சொல்லிக் கொடுத்ததுதான். கைக்கு வேலை. நான் ஃபிட்டர். தெருவில் ஓடாத டேபிள் ஃபேன், மிக்ஸி, அயர்ன் பாக்ஸ் எல்லாவற்றையும் கொண்டுவந்து என் திண்ணையில் வைக்கச் சொன்னேன். காசு வாங்குவதில்லை, பார்ட்ஸுக்கு மட்டும்தான். ஆனால் மூன்றிலிருந்து ஐந்து வரைதான் பார்ப்பேன் என்று கறாராகச் சொல்லிவிட்டேன். மிக்ஸி கப்ளரைக் கழற்றி, கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறதா என்று பார்த்து, ஸ்ப்ரிங் துள்ளி எங்கேயாவது போய்விடாமல் விரலால் அமுக்கிப் புது பிரஷ்ஷை உள்ளே தள்ளும்போது வேறு எந்த நினைப்பும் வராது. வர இடமே இருக்காது. டிவி அப்படி இல்லை. டிவி பார்த்துக்கொண்டே என்ன வேண்டுமானாலும் நினைக்கலாம்.

பணத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். ரிடையர் ஆகும்போது பி.எஃப்., கிராஜுவிட்டி என்று வாழ்நாளில் பார்க்காத தொகை ஒரே நாளில் கணக்கில் விழுகிறது. குடிநோயாளிக்கு அது நல்ல செய்தி இல்லை. நான் அந்த வாரமே போஸ்ட் ஆபீஸில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் பெரும்பகுதியைப் போட்டேன். ஐந்து வருஷத்துக்கு அசலில் சுலபமாகக் கை வைக்க முடியாது, மூன்று மாதத்துக்கு ஒரு முறை வட்டி மட்டும் வரும். அறுபது ஆனவர்களுக்கான திட்டம் என்றாலும், ரிடையர் ஆனவர்கள் ஐம்பத்தைந்திலிருந்தே சேரலாம், பணம் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் போட வேண்டும் (நான் போட்டபோது ஒரு மாதம்தான்). மகளையே நாமினியாகப் போட்டேன். சென்ட் ஆஃப் அன்று கூட வேலை பார்த்தவர்கள் பாண்டியிலிருந்து சரக்குப் பெட்டி கொண்டுவந்திருந்தார்கள். மாலையைக் கழற்றி வைத்துவிட்டு, மச்சானோடு எட்டு மணிக்கே கிளம்பிவிட்டேன். அதற்காக வருத்தப்பட்டவர்கள் உண்டு. இன்றும் அவர்களோடு பேசிக்கொண்டுதான் இருக்கிறேன்.

இனி எழுதப்போவது எனக்குக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் இதை விட்டுவிட்டால் மற்றதெல்லாம் எழுதிப் பயனில்லை. 2019இல் முழங்கால் வலி, சரியாகச் செரிமானமும் இல்லை. சொந்தக்காரர் ஒருவர் அன்பாக ஓர் அரிஷ்டம் வாங்கி வந்து கொடுத்தார். சாப்பாட்டுக்குப் பிறகு மூடியில் அளந்து, சமமாகத் தண்ணீர் கலந்து குடிக்கச் சொன்னார். முதல் வாரம் அப்படியே செய்தேன். இரண்டாவது வாரம் ஒரு மத்தியானம், சமையலறையில் நின்றுகொண்டு, மூடியை மேடையில் வைத்துவிட்டு பாட்டிலை நேராக வாயில் சாய்த்தேன். இரண்டு வாய். விழுங்கியதும் புறங்கையால் உதட்டைத் துடைத்தேன். அந்தத் துடைப்பு! கன்னியக்கோயிலில் கடை மேசைக்கு முன்னால் நின்று துடைப்பேனே, அதே துடைப்பு. என் கையை நானே பார்த்துக்கொண்டு நின்றேன். பாட்டிலைத் திருப்பினேன். பொடி எழுத்தில் போட்டிருந்தது, தானாக உண்டாகும் ஆல்கஹால் என்று.

அரிஷ்டம், ஆசவம் என்று பெயர் வரும் மருந்துகள் எல்லாம் வெல்லமோ தேனோ சேர்த்துப் புளிக்கவைத்துச் செய்பவை. புளிக்கும்போது ஆல்கஹால் உண்டாகிறது, பெரும்பாலும் ஐந்து முதல் பத்து சதவீதம் வரை. பீருக்குக் குறைந்தது இல்லை. மருந்தைக் குறை சொல்லவில்லை, மற்றவர்களுக்கு அது மருந்துதான். எனக்கு இல்லை. சில இருமல் சிரப்பிலும் டானிக்கிலும்கூட உண்டு. இப்போது எந்த பாட்டில் வாங்கினாலும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு லேபிளைப் படிக்கிறேன், புரியாவிட்டால் மெடிக்கல் ஷாப் பையனிடம் கேட்கிறேன். அந்த அரிஷ்டத்தை சிங்க்கில் கொட்டினேன். அந்த வியாழக்கிழமை கூட்டத்தில் எழுந்து நின்று சொல்லியும் விட்டேன். பதின்மூன்று வருஷம் ஆனவன் சொல்கிறானே என்று சிலர் திகைத்தார்கள். மறைத்திருந்தால் அடுத்த பாட்டில் வேறு பாட்டிலாக இருந்திருக்கும்.

தூக்கமும் அப்படித்தான். வயதானால் தூக்கம் மெலிந்துபோகிறது, அது நோய் இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு ஒண்ணுக்குப் போக எழுந்தால் அப்புறம் தூக்கம் வராது. அந்த நேரத்தில் பழைய பொய் ஒன்று நினைவுக்கு வரும், ஒரு கட்டிங் போட்டால் அடித்துப் போட்ட மாதிரி தூங்கலாம் என்று. குடி தூங்க வைக்கும், ஆனால் பாதி ராத்திரிக்கு மேல் அதுவே தூக்கத்தைக் கலைக்கும். இருபது வருஷம் அப்படித் தூங்கியவன் சொல்கிறேன். தூக்க மாத்திரையிலும் கவனம் வேண்டும். அல்பிரசோலம், டயஸிபாம் வகையெல்லாம் மூளையில் சாராயம் தொடும் அதே இடத்தில்தான் வேலை செய்கிறது, பழகிவிட்டால் விடாது. கிழவர்கள் ராத்திரி பாத்ரூமில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொள்வதற்கும் அது ஒரு காரணம். எந்த டாக்டரிடம் போனாலும், பல் டாக்டராகவே இருந்தாலும், உட்கார்ந்ததும் நான் சொல்லும் முதல் வார்த்தை: "நான் குடிநோயாளி சார், நிறுத்தி இத்தனை வருஷம் ஆச்சு. பழக்கமாகிற மாத்திரை வேணாம்." இரண்டு முறை இதனால் சீட்டைக் கிழித்து வேறு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

கூட்டத்தில் ஒருவர் பதினோரு வருஷம் நிறுத்தி இருந்தார். ரிடையர் ஆனதும் பழைய அளவில் ஒரே ஒரு குவார்ட்டர் என்று தொடங்கினார். பழைய அளவு என்பது பழைய உடம்புக்கான அளவு. வயதாக ஆக உடம்பில் தண்ணீரின் பங்கு குறைகிறது, சதை குறைகிறது. சாராயம் உடம்பில் இருக்கும் தண்ணீரில்தான் கலந்து பரவும், ஆகவே அதே குவார்ட்டர் ரத்தத்தில் இன்னும் அடர்த்தியாக ஏறுகிறது. அதோடு பிபி மாத்திரை, சர்க்கரை மாத்திரை எல்லாம் சேர்கிறது. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை போடுகிறவர் அதிகமாகக் குடித்தால் ரத்தத்தில் லாக்டிக் அமிலம் ஏறி உயிருக்கே ஆபத்தாகலாம். அவர் மூன்றாவது வாரம் குளியலறையில் விழுந்தார். இடுப்பெலும்பு. அப்புறம் எழுந்து நடக்கவே இல்லை. அவரைப் பார்க்கப் போய் வந்த ஒவ்வொரு முறையும் நான் அழுதிருக்கிறேன்.

வீட்டுப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. குடிக்கும் அப்பாவுக்குத் தெரியாமல் காப்பியிலோ குழம்பிலோ மருந்து கலந்து கொடுப்பது நம் பக்கம் நிறைய நடக்கிறது. டைசல்ஃபிராம் என்ற மாத்திரை அது. அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் நெஞ்சு படபடக்கும், முகம் சிவக்கும், வாந்தி வரும், பிபி சட்டென்று இறங்கும். தெரிந்து, சம்மதித்து, டாக்டர் சொல்லி எடுத்துக்கொண்டால் உதவும் மருந்துதான். தெரியாமல் கொடுப்பது, அதுவும் இதயக் கோளாறு உள்ள வயதானவருக்குக் கொடுப்பது, கொலையில் முடியலாம். உங்கள் வேதனை எனக்குத் தெரியும். என் மனைவியும் ஒரு காலத்தில் அதைத் தேடியிருக்கிறாள். அதற்குப் பதில் 14446க்கு போன் போடுங்கள். போதைப் பழக்கத்துக்கான மத்திய அரசின் இலவச உதவி எண். மனசு தாங்கவில்லை என்றால் 14416, டெலி மானஸ், தமிழிலும் பேசலாம். தனியாக இருக்கும் முதியவர்களுக்கு 14567. சென்னைக்குப் போக முடிந்தவர்களுக்கு, குடியால் கணவரைப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளையின் மருத்துவமனை இருக்கிறது. எங்கள் தெருப் பையன் ஒருவன் அங்கே போய்த்தான் தெளிந்தான்.

இந்த வயதில் கல்யாணப் பத்திரிகையைவிட சாவுச் செய்திதான் அதிகம் வருகிறது. சாவு வீட்டில் பந்தலுக்குப் பின்னால் யாராவது பாட்டிலோடு நிற்பார்கள், துக்கத்துக்குக் கூப்பிடுகிறவனை மறுப்பது கஷ்டம். நான் காலையிலேயே மாலையோடு போய்விடுகிறேன். எடுக்கும் நேரத்துக்கு மறுபடி போய்க் கெடிலக்கரை வரை நடந்துவிட்டு நேராக வீடு. ராத்திரி தங்குவது இல்லை. கறிச்சோறு போடும் நாளுக்கும் போவது இல்லை. போகுமுன் வயிறு நிறையச் சாப்பிடுகிறேன். கூட்டத்தில் சொல்வார்கள், பசி, கோபம், தனிமை, களைப்பு, இந்த நாலில் இரண்டு சேர்ந்தால் உஷார் என்று. சாவு வீட்டில் நாலும் சேர்ந்தே இருக்கும்.

2021 கடைசியில் என் ஸ்பான்ஸரே போய்விட்டார். மாரடைப்பு. அன்று மூன்று மணிக்கு என் விரல் தன்னால் அவர் நம்பரைத் தேடியது. மறுநாள் கூட்டத்துக்குப் புதிதாக வந்திருந்த ஒரு பையனிடம், முப்பத்திரண்டு வயது, லோடு வேன் ஓட்டுகிறவன், "தம்பி, தினம் மூணு மணிக்கு எனக்கு ஒரு போன் போடுவியா? உனக்காக இல்லை, எனக்காக" என்று கேட்டேன். இன்றுவரை போடுகிறான். இடையில் ஒரு முறை வழுக்கி மறுபடி குடித்துவிட்டான், பத்து நாள் போன் வரவில்லை. பதினோராம் நாள் வந்தது.

இப்போது நான் சொல்லப்போவது 2022 மார்ச்சில் நடந்தது. காலையில் வெறும் வயிற்றில் ரத்தப் பரிசோதனை. எனக்குச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மினோடு கிளிமிபிரைடும் சேர்ந்த மாத்திரை. பழக்கத்தில் அதைப் போட்டுக்கொண்டுவிட்டேன், சாப்பிடவில்லை. லேபில் கூட்டம். பதினோரு மணிக்குத் திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது சட்டை தெப்பலாக நனைந்தது. கை நடுங்கியது. பெட்டிக்கடைக்காரரிடம் சர்க்கரை கேட்க வாயைத் திறந்தால் நாக்கு குழறுகிறது. கால் பின்னியது. கடையின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டே சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

காது மட்டும் கேட்டது. "காலையிலேயே ஊத்திக்கிட்டு வந்துருச்சு பாரு." ஒரு அம்மா குழந்தையை இழுத்து அந்தப் பக்கம் வைத்துக்கொண்டார். "பெருசு, தள்ளி உக்காரு, பஸ் வருது." பதினைந்து வருஷமாகத் தொடாதவன் நான் என்று சொல்ல வேண்டும், வாய் வரவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒரு பூக்கார அம்மாதான் குனிந்து முகத்தைப் பார்த்துவிட்டு, "இந்த வேர்வை குடிச்ச வேர்வை இல்லப்பா, எங்க வூட்டுக்காரருக்கு சுகர் எறங்குனா இப்படித்தான்" என்று சத்தம் போட்டு, டீக்கடையிலிருந்து சர்க்கரையை டம்ளரில் கரைத்து வாயில் வைத்தார். கால் மணி நேரத்தில் கண் தெளிந்தது.

மகளுக்கு யாரோ போன் செய்திருந்தார்கள். ஆட்டோவில் ஓடி வந்தாள். என் முன்னால் மண்டியிட்டு, "அப்பா" என்று முகத்தைப் பிடித்தாள். பிடித்தவள், ஒரு கணம், தன்னை அறியாமல், மூச்சை இழுத்து என் வாயை முகர்ந்து பார்த்தாள். உடனே அவளுக்கே தெரிந்துவிட்டது. முகம் சுருங்கிப்போனது. நான் ஒன்றும் சொல்லவில்லை. அவள் பள்ளிக்கூடம் படித்த காலமெல்லாம் நான் வீட்டுக்குள் நுழையும்போது அப்படித்தானே முகர்ந்திருப்பாள். அந்தப் பழக்கத்தை அவளுக்குக் கொடுத்தது நான். வீட்டுக்கு வந்த பிறகு, "மன்னிச்சிடுப்பா" என்று அழுதாள். "நீ முகந்தது சரிதான்மா" என்றேன், மனதாரத்தான் சொன்னேன்.

சர்க்கரை இறங்குவதும் குடித்திருப்பதும் பார்வைக்கு ஒரே மாதிரி: வியர்வை, நடுக்கம், குழறல், தள்ளாட்டம், எரிச்சல். நிஜமாகவே குடித்தவருக்கும் சர்க்கரை இறங்கலாம். ரத்தத்துக்குச் சர்க்கரை விடும் வேலையைக் கல்லீரல் செய்யவிடாமல் சாராயம் தடுக்கிறது. அதனால் வாசனை வந்தாலும் ஒதுக்கிவிட்டுப் போகாதீர்கள். நினைவு இருந்து விழுங்க முடிகிறவருக்கு மூன்று தேக்கரண்டி சர்க்கரை, தண்ணீரில் கரைத்து. பதினைந்து நிமிஷம் பார்த்துவிட்டுத் தெளியாவிட்டால் மறுபடி அதே அளவு. நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108ஐக் கூப்பிடுங்கள். சர்க்கரை மாத்திரை போடுகிறவர்கள், வெறும் வயிற்று டெஸ்ட் அன்று மாத்திரையை எப்போது போடுவது என்று முன்னாலேயே டாக்டரிடம் கேட்டு வையுங்கள். எனக்கு டாக்டர் அதற்குப் பிறகு மாத்திரையையே மாற்றிவிட்டார்.

அன்றிலிருந்து சட்டைப்பையில் குளுக்கோஸ் பொடி ஒரு பொட்டலமும், ஓர் அட்டையும் வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தை வெட்டி நானே எழுதியது. "நான் சர்க்கரை நோயாளி. விழுங்க முடிந்தால் சர்க்கரைத் தண்ணீர் தரவும். மயங்கியிருந்தால் வாயில் ஊற்றாமல் 108 அழைக்கவும்." கீழே மகளின் போன் நம்பர். அதை எழுதி டேபிளில் வைத்திருந்தேன், பிறகு எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வியாழக்கிழமை கூட்டத்துக்குக் கிளம்பினேன். கன்னியக்கோயில் தாண்டும்போது, அங்கே கடை வாசலில் நிற்கும் ஆட்களைப் பார்த்தபடி, பையைத் தொட்டுப் பார்த்தேன், பழைய பழக்கம். அட்டையை எடுத்தேன். நம்பருக்குக் கீழே மகள் தன் கையெழுத்தில் ஒரு வரி சேர்த்திருந்தாள்: "எங்க அப்பா குடிக்க மாட்டார்."

வேர்வையில் அட்டை இரண்டு மாதத்துக்கு மேல் தாங்குவதில்லை. மேலே உள்ள மூன்று வரியை நான் எழுதுகிறேன், கடைசி வரிக்கு அவள் வரும்வரை இடம் விட்டு வைக்கிறேன்.